இரண்டாம் கையெழுத்து

பதினோராவது பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூத்தவள் கூடத்தின் நடுவில் நின்றபோது, அவள் தம்பி மூன்றாவது முறையாகச் சத்தம் போட வேண்டாம் என்றான். அவள் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. முந்தைய பெட்டியைச் சற்று வேகமாகக் கீழே வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஆளுங்க வர்ற நேரம்க்கா. கொஞ்சம் அனுசரிச்சுப் போலாமே."

"நான் என்னடா இப்ப அனுசரிக்கல? உன்னைத் தூக்கச் சொன்னேனா?"

"பாத்தியா, இதைத்தான் சொல்றேன்."

சின்னவன் ஒரு பெரிய தொழிற்சாலையில் பணியாளர் நலப் பிரிவில் இருந்தான். சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் களைத்துப்போகும் வரை புன்னகைத்துக்கொண்டிருப்பது அவன் வேலை. அதில் கெட்டிக்காரன் என்று பெயர். சட்டையை மாற்றினாலும் அந்தப் புன்னகையை மட்டும் மாற்றத் தெரியாதவன்.

அப்பா உள்ளறைக் கட்டிலில் இருந்தார். விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் கேட்டு, ஒரு மிடறு குடித்துவிட்டு, அடுத்த மிடறுக்கு வாயைத் திறக்கவில்லை. எண்பத்தோரு வயது. மருத்துவர் வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார். தகன நிலையத்தில் நாலரைக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வண்டி நாலு மணிக்கு வரும். இப்போது மணி பதினொன்றரை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சித்தப்பா. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. இதே நகரத்தில்தான் இருக்கிறார், முக்கால் மணி நேரப் பயணம். அவருடைய எண் இந்த வீட்டில் எல்லாருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லை.

காலை ஏழு மணிக்கே மூத்தவள் கேட்டுவிட்டாள். "சித்தப்பாவுக்கு யார் சொல்றது?" கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிடம் பார்த்து ஏதோ வேலை வந்துவிட்டது. சின்னவன் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தான். பெரியத்தைதான், அப்பாவின் அக்காதான், பதில் சொன்னாள். எண்பத்தைந்து வயதிலும் குரலில் ஒரு நடுக்கம் கிடையாது.

"அவன் வந்தா சும்மா பாத்துட்டுப் போவானா? ஏதாவது பேசுவான். போனவன் நிம்மதியாப் போகட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு எதைப் பாக்கறதுக்கு அத்தை வருவார்?"

"ஆரம்பிக்காதடி. அன்னிக்கு ஒரு தடவை குலைச்சது போதாதா?"

குலைச்சது. அந்த வார்த்தை வந்தாயிற்று. அது வந்துவிட்டால் மூத்தவள் வாயை மூடிக்கொள்வாள் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மூடிக்கொண்டாள். வருகிறவர்கள் நிற்க அப்பாவின் அறையில் இடம் வேண்டுமென்று பெட்டிகளைத் தூக்கப் போனாள்.

பெட்டிகளில் இருந்தவை அட்டைகள். அப்பா நாற்பது வருடம் அகராதி அலுவலகத்தில் இருந்தவர். ஓர் அட்டைக்கு ஒரு சொல். மேலே சொல், அதன் கீழே பொருள், அதற்கும் கீழே அந்தச் சொல்லை ஆள்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். எழுதியவர் வலது மூலையில் கையெழுத்துப் போடுவார். ஆனால் அதோடு வேலை முடியாது. இன்னொருவர் அட்டையை வாசித்து, ஒத்துக்கொண்டு, தன் கையெழுத்தையும் போட வேண்டும். இரண்டாம் கையெழுத்து இல்லாத அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அச்சுக்குப் போகாது. அப்பாவின் அட்டைகளுக்கு இரண்டாம் கையெழுத்து சித்தப்பா. சித்தப்பாவின் அட்டைகளுக்கு அப்பா. எதிரெதிர் மேசை, பதினேழு வருடம். சந்தேகமான வாக்கியமாக இருந்தால் அப்பா இடது மூலையில் பென்சிலால் 'தம்பி பார்க்க' என்று எழுதிவைப்பார். மறுநாள் சித்தப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார், அல்லது திட்டுவார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையிலும் அது தொடரும். 'வழுக்கு' என்ற சொல்லுக்கு ஏற்ற வாக்கியம் எதுவென்று இரண்டு பேரும் சண்டை போட்டு, அம்மா இருவர் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போன நாள் உண்டு.

அகராதி அச்சாகி வந்த அன்று சித்தப்பா குடும்பம் முழுக்க இந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள். புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. எல்லாரும் தடிமனைப் பார்த்தார்கள், தாளைத் தடவினார்கள், அட்டைப்படத்தைப் பாராட்டினார்கள். இருபத்து நாலு வயது மூத்தவள் ஒருத்திதான் முதல் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். தொகுப்பாளர் என்று அப்பாவின் பெயர் இருந்தது. வேறு பெயர் இல்லை.

"சித்தப்பா பேரு எங்கப்பா?" என்று கேட்டாள்.

ஏதோ அடுத்த பக்கத்தில் இருக்கும், அப்பா காட்டுவார் என்ற நினைப்பில்தான் கேட்டாள். அப்பா தண்ணீர் குடித்தார். சித்தப்பா புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பெயர் போதும் என்று அலுவலகத்தில் சொன்னதாகவும், தம்பியிடம் சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்ததாகவும் அப்பா அம்மாவிடம் அப்புறம் சொன்னார். அந்தச் சமயம் வரவே இல்லை. குடும்பம் கூடி ஆராய்ந்து கடைசியில் கண்டுபிடித்த குற்றவாளி, கேள்வி கேட்ட பெண்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் பதிப்பில் அப்பா அவளை அகராதியிலேயே ஏற்றிவிட்டார். 'குலை' என்ற வினைச்சொல்லுக்கு, ஒற்றுமை, அமைதி போன்றவற்றைச் சிதையச் செய் என்று பொருள் எழுதி, அடியில் எடுத்துக்காட்டு: அவள் கேட்ட ஒரே கேள்வி குடும்பத்தின் ஒற்றுமையைக் குலைத்தது.

"இது நான்தானே?" என்று புத்தகத்தோடு போய் நின்றாள்.

"எடுத்துக்காட்டும்மா" என்றார் அப்பா. "எடுத்துக்காட்டு உண்மையா இருக்கணும்னு இல்ல. இயல்பா இருந்தாப் போதும்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். புதுக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பொடி எழுத்து தெரிகிறதா என்று சோதிக்க, கடைக்காரர் வேறு புத்தகமே கிடைக்காத மாதிரி அந்த அகராதியைத்தான் மேசையில் வைத்திருந்தார். பதினெட்டு வருடமாக ஊர்க்காரர்களெல்லாம் அதைப் புரட்டி உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். யாராவது ககர வரிசைப் பக்கம் போனால் அவள் துடைக்கும் துணியைத் தேடுவது போல உள்ளே போய்விடுவாள். அப்படியிருந்தும், அம்மா போன பிறகு அப்பாவோடு யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது, சின்னவன் புன்னகைத்துக்கொண்டிருந்தான், அவள்தான் பெட்டி படுக்கையோடு வந்தாள். ஒன்பது வருடம். அப்பாவின் கண்ணாடியை ஆறு தடவை மாற்றியவளும் அவள்தான்.

அம்மா போனபோதும் இதே கதைதான். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள். குலைச்சவள் என்ற பெயரோடு இருந்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். சித்தப்பா பத்திரிகையில் பார்த்து மூன்று நாள் கழித்து ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரே வரி. 'அண்ணியை நான் பார்த்திருக்க வேண்டும்.' அந்தக் கடிதத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்து, அது சட்டையோடு துவைபட்டுக் கூழாகி வந்தது. அன்றைக்குத் தான் வாயை மூடிக்கொண்டதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தன்மேலேயே எரிச்சல் வரும். இன்று சாயங்காலத்துக்குள் மறுபடியும் அதையே செய்யப் போகிறாள். மணி பன்னிரண்டாகிவிட்டது.

அகராதி அலுவலகத்துப் பதிப்பாசிரியர் வந்தது அப்போதுதான். அப்பாவிடம் வேலை கற்றவர், இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. உள்ளே போய்க் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டு, கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு. புதுப் பதிப்பு திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு அட்டை மட்டும் சார்கிட்ட நின்னுபோச்சு."

"இன்னிக்கேவா?"

"ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேம்மா. தரேன் தரேன்னார். நான் இரண்டாம் கையெழுத்து போடறேன்னு சொன்னேன். உன் கையெழுத்து இதுக்கு ஆகாதுன்னுட்டார்."

"என்ன சொல்லு?"

அவர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குலை."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. செத்த வீட்டில் சிரிக்க முடியாது, ஆத்திரப்பட்டால் தம்பி வந்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு ககரப் பெட்டியில் தேடினாள். அட்டை அதில் இல்லை. அப்பாவின் தலைமாட்டு இழுப்பறையில், மாத்திரைகளுக்கு அடியில் இருந்தது அந்த ஒற்றை அட்டை. அவள் தினமும் மூன்று வேளை திறந்து மூடிய இழுப்பறை.

அட்டையில் பழைய வாக்கியத்தின் மேல் கோடு இழுத்திருந்தது. அதன் கீழே, வருடா வருடம் நடுக்கம் கூடிக்கொண்டே போன கையெழுத்தில், மூன்று வாக்கியங்கள்.

வதந்தி ஊரின் அமைதியைக் குலைத்தது. இதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'எல்லாரும் எழுதுவது' என்று எழுதியிருந்தார்.

அவனுடைய மௌனம் வீட்டின் ஒற்றுமையைக் குலைத்தது. இதையும் அடித்திருந்தார்.

முதல் பக்கத்தில் விடுபட்ட ஒரு பெயர் இரண்டு சகோதரர்களின் உறவைக் குலைத்தது. இதை அடித்து, அடித்தது வேண்டாம், இருக்கட்டும் என்பதற்காகக் கீழே புள்ளி வைத்து, அப்புறம் அந்தப் புள்ளிகளையும் அடித்திருந்தார். இடது மூலையில் பென்சிலால் இரண்டு சொற்கள். தம்பி பார்க்க.

மூத்தவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பதாயிரம் சொல்லுக்குப் பொருள் எழுதின மனிதர். தம்பி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் அட்டையை மாத்திரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அடுத்த அறையில் ஒன்பது வருடமாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடமாவது வாயைத் திறந்திருக்கலாம். எழுப்பி உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

அவள் கூடத்துக்கு வந்து, எல்லார் காதிலும் விழும்படி பதிப்பாசிரியரிடம் சொன்னாள். "இதுக்கு இரண்டாம் கையெழுத்து சித்தப்பாதான் போடணும். அப்பா எழுதி வெச்சிருக்கார்."

"அக்கா" என்று சின்னவன் எழுந்தான். "நாம உக்காந்து பேசலாம்."

"நீ உக்காந்து பேசு. நான் நின்னுக்கிட்டு ஃபோன் பண்ணிக்கறேன்."

"எல்லாரும் இவ்வளவு ஒற்றுமையா இருக்கோம் இன்னிக்கு..."

"வேண்டாம்டி" என்றாள் பெரியத்தை. "குலைக்காத."

"குலைக்கத்தான் போறேன் அத்தை. எப்படியும் பேர் வாங்கியாச்சு. அச்சுலயே ஏத்தியாச்சு."

நாலாவது மணியில் எடுத்தார்கள். சித்தப்பாவின் குரல் முதலில் அடையாளம் தெரியவில்லை, கிழவராகியிருந்தது.

"சித்தப்பா, நான்தான். அண்ணன் பொண்ணு."

மறுபக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

"எப்போ?" என்றார் சித்தப்பா. எதற்குக் கூப்பிடுகிறாள் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"காலையில அஞ்சரைக்கு. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

"இப்ப மணி பன்னெண்டேமுக்கால். ஏழு மணி நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒற்றுமையா இருந்தோம் சித்தப்பா."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வருவாரா மாட்டாரா என்று அவர் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட அவளுக்குத் தைரியம் இல்லை. வந்தவர்கள் வந்தார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், நல்ல மனுஷர், யாரோடும் ஒரு வம்பு கிடையாது என்றார்கள். ஒன்றரை ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. அவள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து கால் கடுத்துப்போனாள். மூன்றே காலுக்குச் சின்னவன் பக்கத்தில் வந்து, "நீ உன்னால ஆனதைப் பண்ணிட்டே" என்று புன்னகைத்தான். அவனை அறையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாடகை வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பியது.

சித்தப்பா வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கண்ணாடியின் இடது பக்கம் தாழ்ந்து, ஒரு வில்லை முழுக்கக் கீறல். இதை வைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு எதுவுமே ஒழுங்காகத் தெரியாதே என்று அவளுக்குத்தான் முதலில் பட்டது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளறைக்குப் போனார்.

கட்டிலருகே அவர் நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது. பதிப்பாசிரியர்தான் தயங்கித் தயங்கிப் போய் அட்டையை நீட்டினார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையை மூக்கருகே வைத்து வாசித்தார். முதல் வாக்கியம். இரண்டாவது. மூன்றாவதில் வெகுநேரம் இருந்தார்.

"இதை ஏண்ணா அடிச்ச?" என்றார் கட்டிலைப் பார்த்து, எதிர் மேசையில் இருப்பவரைக் கேட்பது போல, நல்ல உரத்த குரலில். "இதுதானேண்ணா சரி. இதை ஏன் அடிச்ச?"

சின்னவன் விரைந்து வந்தான். "சித்தப்பா, வெளியில போய்ப் பேசலாமே. ஆளுங்க இருக்காங்க. கொஞ்சம் அமைதியா..."

"இருபத்திரண்டு வருஷம் அமைதியாத்தான்டா இருந்தேன்."

பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்து நீட்டினார். சித்தப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. "கையெழுத்துக்கு என்ன அவசரம்? இவரைக் கேக்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கு" என்றார். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு அங்க நிக்கற? அன்னிக்கு நீ கேட்டதுக்கு உன்னை நான் ஒரு நாளாவது திட்டியிருக்கேனா?"

"திட்டல" என்றாள் மூத்தவள். "பேசவும் இல்ல."

"உன்கிட்டப் பேசினா அவருக்கு இன்னும் ரோஷம் வரும்னு..."

"அவர் பேசினா உங்களுக்கு வருத்தம்னு அவர் பேசல. நீங்க பேசினா அவருக்கு ரோஷம்னு நீங்க பேசல. அம்மா போனப்ப சண்டை வரும்னு நான் பேசல. எல்லாரும் சேர்ந்து இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கற லட்சணத்தைப் பாருங்க சித்தப்பா!" அவள் குரல் கூடத்தைத் தாண்டித் தெரு வரைக்கும் போயிருக்கும். "உங்களுக்கு நான் என்ன பண்ணேன்? பேரு எங்கன்னு கேட்டேன். அது உங்க பேரு!"

அவள் இந்த இருபத்திரண்டு வருடத்தில் அழுததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. யாரும் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. பெரியத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அதன் இருக்கையை உள்ளங்கையால் தட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குச் சரியாக வண்டி வந்தது. ஓட்டுநர் ஒரு தடவை ஒலி எழுப்பினார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. சின்னவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறை வாசலுக்கும் தெரு வாசலுக்கும் அலைந்தான். கடைசியில் ஓட்டுநரே இறங்கி உள்ளே வந்தார். எத்தனையோ வீடு பார்த்தவர், ஆனால் அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து ஒரு கிழவர் விரலை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார், மூச்சு வாங்க, வரிசையாக, ஒவ்வொரு வருடமாக. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அதையும் கேளுங்க சித்தப்பா, விடாதீங்க" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் சத்தமில்லாமல் திரும்பிப் போய், வண்டிக்குள் கையை விட்டு இன்ஜினை அணைத்தார்.